ரொட்டியும் எள்ளுச் சம்பலும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது மனையியல் கூடத்தில் ஆற்றப்பட்ட உரை)



1996ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பினராகிய எங்களுக்கு இந்த அரைமணி நேரம் ஒதுக்கப்பட்டது. எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் இருப்பதால், பெண்களின் சுகாதாரத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். நாங்கள் கூடிப் பேசி, அதே விடயத்தை அடுப்படியிலிருந்து பேசுவதென்று முடிவுசெய்தோம். அதனால்தான் காலையிலிருந்து இந்தக் கூடத்தில் இவ்வளவு புகை. பின்வரிசைக்கும் வாசம் வந்திருக்கும். வெளியே தாழ்வாரத்தில் ரொட்டி வெந்துகொண்டிருக்கிறது. பேச்சு முடிந்ததும் ஆளுக்கு ஒன்று உண்டு. ஆகவே இடையில் யாரும் எழுந்து போகமாட்டீர்கள் என்பது எங்கள் தைரியம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாடசாலையில் படித்த காலத்தில் நாங்கள் ரொட்டியை ஒளித்தோம்.

டவுனிலிருந்து வந்த பிள்ளைகள் சோறும் இடியப்பமும் கொண்டுவருவார்கள். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த எங்கள் பெட்டிகளில் ரொட்டி இருக்கும். இடைவேளைக்கு மணி அடித்ததும் பெட்டியின் மூடியை முன்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அதன் மறைவில் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடுவோம். யாரும் எங்களைக் கேலி செய்ததாக நினைவில்லை. கேலி செய்யுமுன்னரே நாங்கள் வெட்கப்படப் பழகியிருந்தோம். இன்று இங்கே சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் மூடியை நிமிர்த்திப் பிடித்தவர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்குள் ஒருத்தி மாத்திரம் மூடியை மறைக்கமாட்டாள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். ஆகவே தோழி என்றே சொல்கிறோம். அப்பா இறப்பர் பால் வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். ஆனால் மலைப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். உடற்பயிற்சிப் பாடத்தில் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று பெயரும் வாங்கினாள். இன்னொரு பழக்கமும் இருந்தது. கரும்பலகைக்குக் கீழே விழுந்த வெண்கட்டித் துண்டுகளைப் பொறுக்கித் தின்பாள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், வெயிலில், அப்படியே சரிந்து விழுந்தாள். ஆசிரியை ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்தார். காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்டார். சாப்பிட்டிருந்தாள்: இரண்டு ரொட்டி, கொஞ்சம் மிளகாய்ச் சம்பல், ஒரு கோப்பை சாயத்தண்ணி.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பல்கலைக்கழக விரிவுரையில் ஒரு வரி வந்தது. மண், வெண்கட்டி, பச்சையரிசி போன்றவற்றைத் தின்னும் ஆசை, உடலில் இரும்புச் சத்துக் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பது அந்த வரி. எங்களுக்கு அன்று குறிப்பு எடுக்க முடியவில்லை. கண்முன்னே அவள் நின்றாள். ஐந்து வருடம் பக்கத்து வாங்கில் இருந்த நோயை நாங்கள் சோம்பல் என்றும் பைத்தியம் என்றும் நினைத்திருந்தோம். அதற்குள் அவள் படிப்பை விட்டு, மலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருந்தது. முதல் பிள்ளைப்பேற்றின்போது அவளுடைய ஈமோகுளோபின் 7க்கும் கீழே. கர்ப்பிணித் தாய்க்கு 11க்குக் குறைந்தாலே குருதிச்சோகை என்கிறோம். அவ்வளவு குறைந்த உடம்பில், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கே உயிருக்கு ஆபத்து. மூன்று பைந்து இரத்தம் ஏற்றி அவளை மீட்டார்கள். பிள்ளையும் பிழைத்தது.

இனி ரொட்டியைப் பற்றிப் பேசலாம். இந்த வியாதிக்கு ரொட்டிதான் காரணமா?

எங்கள் பாட்டன் பூட்டிமார் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இந்த மலைகளுக்கு வந்தபோது ரொட்டியைக் கொண்டுவரவில்லை. அவர்கள் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் பழகியவர்கள். கேழ்வரகைத்தான் இங்கே குரக்கன் என்கிறோம். தோட்டத்தில் அவர்களுக்குக் கப்பலில் வந்த அரிசி கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும் அந்த அரிசி நின்றது. பதிலுக்குக் கோதுமை மா பங்கீட்டில் வந்தது. யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. பின்னர் அமெரிக்க உதவி மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பெரிய மா ஆலையும் வந்தது.

மா ஏன் நிலைத்தது? காலை நாலு மணிக்கு எழும்பி, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் தனக்கும் ஆக்கி, ஆறு மணிப் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பெண்ணுக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்க நேரம் ஏது? பால் வெட்டப் போகிறவர்கள் இன்னும் முந்திப் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ரொட்டி சீக்கிரம் வேகும். மடித்துக் கொண்டுபோகலாம். மழையில் நின்றும் தின்னலாம். மதியம்வரை வயிறு தாங்கும். ஆக, ரொட்டி எங்கள் தாய்மாரின் அறியாமையால் வந்த சாப்பாடு அல்ல. நேரமும் கூலியும் இவ்வளவுதான் என்று வரையறுக்கப்பட்ட பெண்கள் கண்டுபிடித்த வழி அது.

அந்த மாவும் இல்லாமற்போன காலம் ஒன்று இருந்தது. 1973, 1974இல் அரிசிப் பங்கீடு குறைந்தது, மா விலை ஏறியது, தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் இறந்தார்கள். எங்கள் தாய்மார் சிலர் அப்போது சிறுமிகள், சிலர் குமரிகள். கிழங்கையும் பலாக்கொட்டையையும் இலைகளையும் அவித்துத் தின்ற கதையை அவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஆனால் ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதைத்தான் நாங்கள் மூடியால் மறைத்தோம்.

அடுத்தது சம்பல். எங்கள் சப்ரகமுவப் பக்கம், நுவரெலியா மாதிரியல்ல. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத்துக்குக் கீழேயே கிராமம். கிராமத்தில் தென்னை, பலா, ஈரப்பலா. ஆகவே எங்கள் ரொட்டியில் தேங்காய்ப்பூ சேரும். அயலில் சிங்களச் சகோதரிகள் சுடுவதும் அதே ரொட்டிதான். கட்டச் சம்பல் என்ற பெயரையே நாங்கள் அவர்களிடமிருந்து பெற்றோம். முழுச் சம்பல் என்றால் செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப் புளி எல்லாம் சேர்ந்தது. ஆனால் சம்பளம் போட்ட கிழமையில்தான் அது முழுச் சம்பல். நாள் போகப்போக ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். முதலில் மாசி போகும். பிறகு தேங்காய். பிறகு வெங்காயம். மாதக் கடைசியில் அம்மியில் மிஞ்சுவது மிளகாயும் உப்பும்தான். சம்பல் குறையக் குறைய ரொட்டியின் எண்ணிக்கை கூடும்.

எனவே மருத்துவர்களாக நாங்கள் சொல்வது இது: வியாதியை ரொட்டியில் தேடாதீர்கள், சம்பலிலிருந்து கழன்றுபோனவற்றில் தேடுங்கள். வெள்ளைக் கோதுமை மாவில் தவிடும் முளையும் இல்லை. இரும்பும் கல்சியமும் சொற்பம். பக்கத்தில் உள்ளதுதான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். பக்கத்தில் மிளகாய் மட்டும் இருந்தால் ஈடுகட்ட எதுவுமில்லை. இதற்கு மேல், ரொட்டியோடு ஒரு கோப்பை சாயத்தண்ணி. நாம் பறித்து உலகுக்குக் கொடுக்கும் அந்தத் தேயிலையில் உள்ள துவர்ப்பு, தாவர உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுடன் தேத்தண்ணீர் குடித்தால், சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் வளராத ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர் அளவில். அந்தக் குள்ளம் பிள்ளை பிறக்குமுன்னரே, குருதிச்சோகை உள்ள தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடலாம்.

எங்கள் தோழி தப்பிப் பிழைத்த பிறகு அவளுக்குச் சம்பலைத் திருப்பிக் கொடுத்தவர் அவளுடைய பெரியம்மா. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போனது எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா குடும்பமும் போனது. அங்கே வரண்ட நிலம். தேயிலை மட்டும் தெரிந்த கைகள் எள்ளு விதைக்கப் படித்தன. பெற்றவளைப் பார்க்க வந்தபோது பெரியம்மா ஒரு சின்னச் சாக்கில் எள்ளுக் கொண்டுவந்தார். பத்தியத்துக்கு என்றுதான் கொடுத்தார். தோழி அதை வறுத்து, அம்மியில் மிளகாயோடு வைத்து அரைத்து, ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டாள். மாசியும் தேங்காயும் கழன்ற இடத்தில் எள்ளு வந்து உட்கார்ந்தது.

எகிப்தில் டுக்கா என்று ஒன்று செய்கிறார்கள். எள்ளு, கொத்தமல்லி, சீரகம், பருப்பு வகைகளை வறுத்து இடிப்பார்கள். ரொட்டியை எண்ணெயில் தோய்த்து அதில் ஒற்றிச் சாப்பிடுவார்கள். டுக்கா என்ற சொல்லுக்கே அரபியில் இடித்தது என்றுதான் கருத்து; நமது இடிசம்பல் போல. இன்று அவுஸ்திரேலியாவின் உணவகங்களில் அது மதிப்பான பண்டம். அங்கே வாழும் அக்காமார் காசு கொடுத்து அதை உண்ணும்போது, இதன் தங்கை ஒருத்தி நமது லயத்து அம்மியிலும் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் செய்முறை. பேனா எடுங்கள்.

ரொட்டிக்கு: கோதுமை மா 300 கிராம், குரக்கன் மா 200 கிராம், அரைத் தேங்காயின் பூ, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. குரக்கன் ஏன் என்றால், அதில் வெள்ளைக் கோதுமை மாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கல்சியம் உண்டு. பூட்டிமாரின் சாப்பாடும் அதுதான். முதலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் உப்பையும் கைவிரல்களால் நன்றாகப் பிசறுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். தேங்காயின் ஈரத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஒன்றேகால் கோப்பை பிடிக்கும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் மூடி அரைமணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் ரொட்டி தோல் மாதிரி இழுபடும். எட்டு உருண்டையாக்கி, வாழையிலையில் வைத்துக் கால் அங்குலத் தடிப்பில் தட்டுங்கள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம். அதன்பின் இடுக்கியால் எடுத்து நேரே தணலில் சில விநாடி வாட்டுங்கள். அங்கங்கே பொக்களம் கிளம்பி மணம் வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் காஸ் அடுப்பில் கம்பி வலை வைத்து வாட்டலாம். மிலாறு விறகின் வாசனைக்கு மட்டும் அங்கே வழியில்லை.

சம்பலுக்கு: எள்ளு 100 கிராம், செத்தல் மிளகாய் 6, கொத்தமல்லி ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகு கொஞ்சம். எள்ளைக் கழுவி, வடித்து, உலர்த்தி, சின்ன நெருப்பில் வறுங்கள். படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கசக்கும். சரக்கைத் தனியே வறுங்கள். எல்லாவற்றையும் உப்புடன் ஒன்றிரண்டாக இடித்து, ஈரமில்லாத போத்தலில் போட்டால் இரண்டு கிழமை கெடாது. சாப்பிடும் நேரத்தில் மட்டும் வேண்டியதை எடுத்து, நசுக்கிய சின்ன வெங்காயம், உள்ளிப்பூண்டு இரண்டு பல், தேங்காய்ப்பூ இருந்தால் ஒரு கரண்டி, வல்லாரை இருந்தால் அரிந்து ஒரு பிடி சேர்த்து, தேசிக்காய்ப் புளியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுத் தோய்க்கும் பதத்துக்குக் குழையுங்கள்.

தேசிக்காயை ஏன் கடைசியில் விடுகிறோம்? விற்றமின் சி சூட்டில் அழியும். அதுதான் இரும்பை உடம்பில் சேர்க்கும் கை. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் இரும்பும் 88 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. ஆனால் எள்ளிலுள்ள இரும்பு தானாக எளிதில் சேராது. புளிதான் அதற்குத் துணை. வெங்காயமும் பூண்டும்கூடத் தானியத்திலுள்ள இரும்பை அதிகமாகக் கிடைக்கச் செய்கின்றன என்று மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. அம்மியில் இவற்றை ஒன்றுசேர்த்த பாட்டிமார் அந்த ஆய்வைப் படிக்கவில்லை, கைப்பழக்கத்தில் சேர்த்தார்கள்.

சில எச்சரிக்கைகள். எள்ளு சிலருக்கு ஒவ்வாது. தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், குரக்கன் என்றாலும் இரண்டு ரொட்டியோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிகளே, சம்பல் மாத்திரைக்குப் பதிலல்ல. மருத்துவமாது கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்காதீர்கள். கல்சியம் மாத்திரையையும் அதனோடு சேர்த்துப் போடாதீர்கள், வேறொரு வேளைக்கு வையுங்கள். எல்லோருக்கும் ஒன்று: சாயத்தண்ணியை விடச் சொல்லவில்லை. ரொட்டி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மற்றதற்குச் செலவு உண்டு என்பதை மறைக்கமாட்டோம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா விலை பல மடங்காயிற்று. எள்ளு வாங்கச் சொல்வது எளிது; வாங்கக் காசு வேண்டும். சம்பலிலிருந்து மாசியும் தேங்காயும் கழன்றது சமைக்கத் தெரியாததால் அல்ல, கூலி போதாததால். ஆகவே தோட்டத்துப் பெண்களுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்தப் போகும் எவரும், முதலில் அவர்களுடைய சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஏன் கீரை சாப்பிடுவதில்லை என்று கிளினிக்கில் அதட்டிய நாட்கள் எங்களுக்கும் உண்டு.

எங்கள் வகுப்பினர் இந்தச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாகத் தூணோ வளைவோ கட்டுமுன், இப்பாடசாலையில் தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஈமோகுளோபின் பார்க்க ஏற்பாடு செய்வோம். ஊசி குத்தவும், முடிவைப் பார்த்து மருந்து எழுதவும் மருத்துவத்திலுள்ள நாங்கள் ஆண்டுதோறும் வருகிறோம். வெண்கட்டி தின்னும் பிள்ளையைக் கண்டால் சிரிக்காமல் அனுப்பிவைக்கும்படி வகுப்பாசிரியைகளைக் கேட்டுக்கொள்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் இடைவேளைக்கு ரொட்டியும் எள்ளுச் சம்பலும், டவுன் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே தட்டில். மாவுக்கும் எள்ளுக்கும் முதல் ஆண்டுச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. இரண்டாம் ஆண்டை யார் ஏற்கிறீர்கள் என்று ரொட்டி தின்றுகொண்டே சொல்லுங்கள்.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கடல் கடந்து கோத்தகிரி, கூடலூர் மலைகளில் குடியேறிய குடும்பங்களும், வவுனியாவுக்குப் போனவர்களும், கொழும்பில் கடைகளில் நிற்பவர்களும், வளைகுடா நாடுகளில் பிறர் வீட்டு அடுப்படியில் நிற்பவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். உங்கள் அடுப்பில் எப்போதாவது ரொட்டி வேகும்போது, பிள்ளைகள் என்னவென்று கேட்டால், இது எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று மூடியைத் திறந்து வைத்துச் சொல்லுங்கள்.

தோழி இன்று வரவில்லை. சனிக்கிழமை, கொழுந்து நாள். ஒரு நாள் விட்டால் ஒரு நாள் கூலி. நேற்று மாலை மகளிடம் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் சம்பல் பொடி கொடுத்தனுப்பியிருந்தாள். "நம்ம ரொட்டியப் பத்திப் பேசுறதுன்னா வெறும் வாயால பேசாதீங்க, இதையும் குடுத்துப் பேசுங்க" என்று செய்தியும் வந்தது. அந்த மகள் இப்போது இதே பாடசாலையில் பத்தாம் வகுப்பு. தாழ்வாரத்தில் ரொட்டியைத் தணலில் வாட்டிக்கொண்டிருப்பவள் அவள்தான்.

முதல் தட்டு வந்துவிட்டது. தேத்தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும்; அதை நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம்.